இரண்டு பிரேக் உள்ள கார்

நம் பள்ளியில் புதிதாகச் சேர்ந்து, நாளை முதல் காரின் இடதுபக்க இருக்கையில் உட்காரப்போகிற தம்பிகளுக்கும், முதல் பெண் வாத்தியாராக வந்திருக்கும் தங்கைக்கும்:

நேரில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார் முதலாளி. மாடிப்படி ஏற முட்டி சம்மதிக்கவில்லை, எழுதி அனுப்புகிறேன். வலது முட்டி. தேனியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூட்டை தூக்குற வேலையா?" என்றார். "இல்ல டாக்டர், பக்கத்துல உட்காந்து பாக்குற வேலை" என்றேன். அவர் நம்பவில்லை. இன்னும் தலை முழுதாக நரைக்காத வயதில் நான் ஓய்வு பெற்ற கதை இவ்வளவுதான்.

என்னைப் பற்றி முதலாளி உங்களிடம் சொல்லியிருப்பார். இத்தனை வருடத்தில் என் கையில் பழகிய ஒருவர்கூடப் பள்ளிக் காரை எதன் மீதும் மோதியதில்லை. ஒரு கோழிக்குக்கூடச் சேதமில்லை. கடைசிக் காலத்து இரண்டு கீறல்களை விட்டுவிட்டால், இது உண்மை. இந்த உண்மைக்குக் காரணம் என் போதனை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுத்துப் பேசி யார் மனதையும் புண்படுத்தவில்லை. நிஜமான காரணம், இடதுபக்கக் காலடியில் நமக்கென்று தனியாக வைத்திருக்கும் அந்த இன்னொரு பிரேக்.

அது எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். மற்ற வாத்தியார்கள் அதை மிதிப்பார்கள். நான் வாத்தியம் போல வாசித்தேன். சின்னமனூர் தாண்டி வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் கை காட்டாமல் திரும்பும். உத்தமபாளையத்தில் பஸ் நடுரோட்டில் நின்று சொந்தக்காரர்களை நலம் விசாரிக்கும். ஆடி பிறந்தால் கணவாய்க் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வரும். இத்தனைக்கும் நடுவில், வலதுபக்கம் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாமல் என் கால் மெல்ல இறங்கும். கார் பூப்போல நிற்கும். "நல்லா நிறுத்துனீங்க" என்பேன். அவர்கள் முகம் மலரும்.

சாம்ராஜ்யங்கள் சரிந்த வரலாறுகளை ஆசையாகப் படிக்கிறவன் நான். அவற்றில் அநேகமாக ஒரு மந்திரி இருப்பார். ராஜா தப்புச் செய்வதற்கு முன்பே தடுத்துவிடுவார். ராஜா தனியாகப் போருக்குப் போகும் நாள் வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடக்கும். படித்தது ஒன்றும் காலுக்கு இறங்காமலே ஒருவன் வருடக்கணக்கில் படிக்கலாம் என்பதற்கு நானே சான்று.

என் ராஜா ஒரு ராணி. பாக்கியத்தக்கா.

கம்பம் கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம். என்னைவிட மூத்தவர். வீட்டுக்காரர் காலமான பிறகு கடையை அவரே நடத்தினார். கம்பம்மெட்டு ஏறி, மேலே கேரளப் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்களிடம் நேராகக் காய் எடுத்து வருவதுதான் அவர் தொழிலின் உயிர். அதற்குக் காரும் டிரைவருமாக இருந்தது கொழுந்தனார்.

"கொழுந்தனாரு ஓட்டுறப்ப நீங்க எதுக்குக்கா கஷ்டப்படணும்?" என்று முதல் நாள் கேட்டேன். மாணவர் சேர வந்தால் காரணம் கேட்கக் கூடாது என்று முதலாளி சொல்வார். கேட்டுவிட்டேன்.

"கெட்டவன் இல்ல வாத்தியாரே. வண்டியில பிரேக் இருக்கு, அவன் வாயில இல்ல. ஒரு தோட்டத்துக் காய்க்கு நான் என்ன விலை மனசுல வச்சுருக்கேன்னு, நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அடுத்த கடைக்காரனுக்குப் போயிருது. போன வெள்ளாமையில மூணு தோட்டம் கையவிட்டுப் போச்சு. இன்னும் ஒரு வருசம் இப்படியே போனா கடையப் பூட்ட வேண்டியதுதான்."

"அவருகிட்ட சொல்லிப் பாத்தீகளா?"

"சொன்னேன். நான் சொன்னதையும் சேத்துச் சொல்லிட்டு வந்தான்."

நன்றாகத்தான் ஓட்டினார். கியர் மாற்றுவதில் சுத்தம், கண்ணாடி பார்ப்பதில் கவனம். கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வரை எத்தனையோ காலை போய் வந்தோம். டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் இடதுபக்கம் உட்கார்ந்தார், நான் பின்னால். ஒரு வளைவில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வர, கார் அழகாக நின்றது. இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரு பழக்குனது, நீங்களா?" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரத்தில் பின் இருக்கையில் நான் என்ன செய்தேன் என்பதை அவர் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

லைசென்ஸ் வந்த கையோடு அக்கா ஒரு பழைய கார் வாங்கினார். போதகர் வந்து பானட்டில் கை வைத்து ஜெபம் செய்தார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் அக்கா பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்து டயருக்கு ஒன்றாக வைத்தார்.

"ஏங்க்கா, இப்பத்தான் ஜெபம் ஆச்சு?"

"ஜெபம் எனக்கு. பழம் டயருக்கு. டயரு எந்தச் சபையிலயும் சேரல வாத்தியாரே. ஏறுங்க, மெட்டுக்குப் போய்ட்டு வருவோம். மொத ஓட்டம், நீங்க இல்லாம எப்புடி?"

தம்பிகளா, தங்கச்சி, இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கும் வரும். பெருமையாக இருக்கும். ஏறும்போது காலடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பிரேக் இருக்காது, வெறும் ரப்பர் மிதியடி மட்டும் இருக்கும்.

ஊர் தாண்டுவதற்குள் ஆட்டுக்கூட்டம் ஒன்று சாலையில் இறங்கியது. என் வலது கால் இறங்கியது. ரப்பர் மிதியடி நசுங்கியதே தவிர, வேறொன்றும் நடக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு அப்படி ஒரு பதில் வந்தது. 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தேன். அடுத்த கணம் அக்கா பிரேக்கை அழுத்தினார், கார் நின்றது, ஆடுகள் எங்களைப் பொருட்படுத்தாமல் போயின. 'என்ன நிதானம்!' என்று வியந்தேன். அடிவாரத்தில் ஒரு மினி பஸ், மலையில் ஒரு கல் லாரி. ஒவ்வொரு முறையும் மிதியடி, மூச்சு, பிரேக், நிற்பது. ஒவ்வொரு முறையும் வியந்தேன். மலை ஏறும்போது கார் தானாகவே வேகத்தை இழக்கும் என்பதால் வியப்பதற்கு நிறைய நேரம் இருந்தது.

மேலே அக்கா ஒரு தோட்டத்தில் காயைக் கையில் உருட்டி, உடைத்து, மோந்து, விலை பேசி முடித்தார். கொழுந்தனார் இல்லாத விலை. தோட்டக்காரர், "சேச்சி தன்னே வண்டி ஓட்டி வந்தோ!" என்று பாதி மலையாளத்தில் அதிசயப்பட்டார். திரும்பி மெட்டு வருவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. செக்போஸ்ட் பக்கத்துக் கடையில் பால் இல்லாத கட்டன் சாயா வாங்கிக்கொண்டு நின்றோம். எதிரில் இருந்த கடையின் பெயர்ப்பலகை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கடையே தெரியவில்லை.

அக்கா சாயாவை ஊதிக்கொண்டே கேட்டார். "வாத்தியாரே, ஒரு உதவி. வியாழக்கெழமை நான் தனியா வரணும். உங்க சத்தத்த என் போன்ல பதிஞ்சு தாரீகளா?"

"என்ன சத்தம்?"

"அதேன், ஸ்ஸ்னு இழுப்பீகள்ல. அது."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். எதையும் ஒளிக்கிற குரல் இல்லை அது. கடையில் காய் தரத்தை விளக்குகிற அதே குரல். "பள்ளிக்கூடத்துக் கார்ல நீங்க ஸ்ஸ்னா அதுவா நிக்கும். நல்ல பழக்குன வண்டி போலன்னு நெனச்சுக்குவேன். டெஸ்ட்டு அன்னைக்கு நீங்க பின்னாடி இருந்து ஸ்ஸ்னப்ப அது நிக்கல. சரி, இன்னைக்கு நம்மதேன் மிதிக்கணும் போலன்னு மிதிச்சேன். இந்தக் காரும் அப்படித்தேன். நீங்க இழுக்கணும், நான் மிதிக்கணும். நீங்க இல்லாதப்ப எப்ப மிதிக்குறதுன்னு எப்புடித் தெரியும்?"

சாயாவை ஊதாமலே ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

என் போதனை மொத்தமும் அந்த ஒரு சத்தத்துக்குள் அடங்கிவிட்டது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இவருக்கு லைசென்ஸ் இருக்கிறது. கார் இருக்கிறது. கீழே இறங்க ஊசி ஊசியாக வளைவுகள் இருக்கின்றன. ஆபத்தை அடையாளம் காணும் கண் மட்டும் என் தொண்டையில் இருக்கிறது.

அப்போது அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். கொழுந்தனார்.

"மதினி, மேல ஒரே மேகமூட்டமா இருக்காம்ல? அங்கனயே இருங்க. நான் ஒரு ஜீப்பப் புடிச்சு வாரேன், கார நான் எறக்கிருவேன். எந்தத் தோட்டத்துல எடுத்தீக? என்ன வெல?"

"வேணாம்ப்பா. வாத்தியாரு இருக்காரு."

"அவரு ஓட்டுறாரா?"

அக்கா என்னைப் பார்த்தார். "அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

"நானே ஓட்டிருறேங்க்கா" என்றேன். சரியான முடிவு என்றுதான் பட்டது.

"ஓட்டுவீக. கார் பத்தரமா கீழ போயிரும். அப்பறம் வியாழக்கெழமை யாரு எறக்குவா? அடுத்த வியாழக்கெழமை? இன்னைக்குச் சாவிய உங்ககிட்ட குடுத்தா, நாளைக்கு அவன்கிட்ட குடுக்கணும். கடையையும் சேத்துக் குடுத்துரலாம்."

நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றிப் பேசச் சொல்லியிருந்தார் முதலாளி. நெருக்கடி என்றால் ஏதோ ஒரு நொடி என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது இப்படித்தான், கையில் ஆறிப்போன சாயாவோடு நிற்கும். நான் ஓட்டினால் அன்றைக்கு ஆபத்தில்லை. அடுத்த வாரம் நான் இல்லாத மலையில் ஆபத்து. அக்கா ஓட்டினால் இப்போதே, என்னையும் சேர்த்து. இரண்டில் எது பொறுப்பு என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை; படித்திருந்தாலும் காலுக்கு இறங்கியிருக்காது.

"சரிக்கா. மேகம் விலகுற வரைக்கும் யாரும் எறங்கப் போறதில்ல. அதுவரைக்கும் இங்கனயே ஒரு வேலை இருக்கு. உங்க குடையக் குடுங்க."

செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் லாரிகள் நிறுத்தும் சமதரை காலியாகக் கிடந்தது. அதன் கோடியில் குடையை விரித்து வைத்தேன். நான் காருக்குள் உட்காரவில்லை. ஓரமாகத் தள்ளி நின்றுகொண்டேன். குடைக்கு முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா வந்தார். குடை பனிக்குள்ளிருந்து கறுப்பாகத் தெரிந்தது. கார் வந்தது, வந்தது, குடையின் மேலேறியது. கம்பிகள் முறியும் சத்தம் கேட்ட பிறகு நின்றது.

கண்ணாடியை இறக்கினார். "குடை போச்சு வாத்தியாரே."

"குடைதானேக்கா."

"சத்தம் வரலயேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு முறிந்த கம்பிகளைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார். "அங்கன நீங்க நின்னுருந்தா?"

நான் குடையைச் சக்கரத்தின் அடியிலிருந்து இழுத்தெடுக்கப் பார்த்தேன். போதாக்குறைக்கு டீக்கடைக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்.

"அக்கா, இனிமே கண்ணுல படுறதயெல்லாம் வாய்விட்டுச் சொல்லணும். என்ன தெரியுது, அதுக்கு என்ன செய்யப் போறீக. சொல்லிட்டுச் செய்யுங்க. சொல்ல எதுவும் தெரியலைன்னா அதுவே காலை எடுக்குறதுக்குக் காரணம்."

"பைத்தியக்காரி மாதிரி தனியாப் பேசிக்கிட்டா?"

"ஆமா."

"கடையில அப்படித்தேன் இருக்கேன். சரி."

முறிந்த குடையை மீண்டும் நிறுத்தினேன். 'கறுப்பா என்னமோ தெரியுது, கால எடுக்குறேன், குடைதேன், அமுக்குறேன்' என்று அவர் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தது எனக்கே கேட்டது. நின்றார். சற்று முன்னதாகவே நின்றார். அடுத்த முறை குடையின் இடத்தை அவருக்குத் தெரியாமல் மாற்றினேன். நின்றார். டீக்கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து குறுக்கே போட்டார். அவருக்கும் ஆர்வம் பிறந்துவிட்டது. "என்ட ஸ்டூல் உடையாது அல்லே?" என்று கேட்டுக்கொண்டே போட்டார். ஸ்டூலுக்கும் நின்றார். இன்னொரு முறை எதன் மீதாவது ஏற்றியிருந்தால் சாவியை வாங்கியிருப்பேன். அதை அவரிடமும் சொல்லித்தான் வைத்திருந்தேன்.

மேகம் கிழிந்து கீழே ஒரு வளைவும் அதற்கடுத்த வளைவும் தெரிந்தபோது கிளம்பினோம். நான் பின் இருக்கையில், அக்காவுக்கு நேர் பின்னால். முன்னால் உட்கார்ந்தால் என் முட்டி அசைவதைப் பார்த்து மிதித்துவிடுவார். மூச்சுச் சத்தத்துக்கு என்ன செய்வது? அக்காதான் வழி சொன்னார். வாங்கிய காயில் தடித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "பல்லுல கடிச்சுக்கங்க. வாயத் தொறந்தா விழுந்துரும். நல்ல காயி, வீணாக்காதீக."

இரண்டாவது கியர். ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதுவே. பிரேக்கை நம்பி இறங்குகிறவன் பாதி மலையில் சூடான பிரேக்கோடு கடவுளை நம்ப வேண்டியிருக்கும். விளக்கைத் தாழ்த்தி வைத்திருந்தார். ஹாரன் அடித்து, சொல்லிக்கொண்டே இறங்கினார். "வளைவு வருது. அந்தப் பக்கம் தெரியல. தெரியலைன்னா கால எடுக்கணும். எடுத்துட்டேன். திரும்புறேன். ஒண்ணும் வரல. நல்லது." மடியில் கை கட்டிக்கொண்டு, பல்லில் ஏலக்காயோடு, ஓர் ஊமைச் சாமியார் போல உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் முன் இருக்கையின் முதுகைத் தேடியது. இடது காலை அதன் மேல் போட்டு அழுத்திக்கொண்டேன்.

பாதி வழியில் பின்னால் தோட்ட வேலை முடிந்து திரும்பும் ஜீப் ஒன்று ஒட்டிக்கொண்டது. ஆட்கள் உள்ளேயும் பின்னாலும் தொங்கிக்கொண்டு. விடாமல் ஹாரன். இந்த ஜீப்புக்காரர்கள் இந்த மலையைக் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவார்கள், சிலர் நிஜமாகவே.

"பின்னாடி ஒருத்தன் அவசரமா இருக்கான்" என்றார் அக்கா. "அகலமான எடம் வந்தா விடுவேன். இது அகலம் இல்ல. அதனால விடல."

ஹாரன் நீண்டது. பள்ளிக் காரில் என்றால் இந்த இடத்தில் மாணவர்கள் பயந்துபோய் வேகத்தைக் கூட்டுவார்கள், நான் பிரேக்கை வாசிப்பேன். அக்கா கூட்டவில்லை.

அடுத்தது கொண்டை ஊசி. வளைவின் வெளிப்பக்கம் வெறும் வெள்ளை மேகம். "ஹாரன் அடிக்கிறேன்" என்றார், அடித்தார். பிறகு "எதுத்தாப்புல ஹாரன் கேக்குது" என்றார். எனக்குக் கேட்கவில்லை, பின்னால் ஜீப் கத்திக்கொண்டிருந்தது. "ஏறி வாரவனுக்குத்தேன் வழி. வளைவுக்கு முன்னாடியே நிக்குறேன்."

நின்றார்.

அதன் பிறகுதான் வெள்ளைக்குள்ளிருந்து லாரியின் மூக்கு வந்தது. வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு, எங்கள் பானட்டுக்கு எதிரே, நாங்கள் வந்திருக்க வேண்டிய இடத்தில் மெல்லத் திரும்பியது. எனக்கு மூச்சு உள்ளே இழுத்தது. ஏலக்காய் நேராகத் தொண்டைக்குப் போனது. கண்ணில் நீர் வர இருமினேன்.

"நின்னுதான் இருக்கோம், இப்ப எதுக்கு இருமுறீக?" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

பின்னால் ஜீப் கிறீச்சிட்டு எங்களைத் தொடாத குறையாக நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். "ஏ ஆத்தா! நடு மலையில நிப்பாட்டி என்ன, சாமியா கும்புடுற?"

அக்கா கண்ணாடியை இறக்கி, கையால் முன்னே காட்டினார். லாரி அப்போதுதான் எங்களைக் கடந்து, ஜீப்பை உரசாத குறையாக ஏறிப் போனது. ஜீப்பில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கும்புட்டாச்சுய்யா. இனி நீ போலாம்" என்றார் அக்கா. சற்றுக் கீழே அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டார். ஜீப் எங்களைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கவில்லை.

மீதி வளைவுகளை நான் அமைதியாக யோசித்துக்கொண்டே இறங்கினேன். யோசித்ததை உங்களுக்கும் தருகிறேன். முதல் வாரம் உங்கள் பிரேக் மாணவரின் உயிரைக் காக்கும், வெட்கப்படாமல் மிதியுங்கள். மிதித்தால், மிதித்தது நீங்கள் என்று அப்போதே சொல்லுங்கள். கடைசி வாரம், ஆளில்லாத இடமாகப் பார்த்து, பின் இருக்கைக்குப் போய்விடுங்கள். அங்கே வாயில் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். ஏலக்காய் வேண்டாம், தொண்டைக்குப் போகும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒருவர் எப்படி ஓட்டுகிறார் என்பது உங்களைப் பற்றித்தான் சொல்லும், அவரைப் பற்றி அல்ல. நான் அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன். பள்ளிக் காரில் இரண்டு கீறல்கள் விழுந்தன. முதலாளிக்கு இன்னமும் வருத்தம். முட்டி அதற்குள் போயிருந்தது.

அடிவாரத்தில் வெயில் அடித்தது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை காய்ந்து கிடந்தது. போன் மறுபடி அடித்தது. அக்கா காரை முறையாக ஓரம் கட்டி, இன்டிகேட்டரை அணைத்து, பிறகுதான் எடுத்தார்.

"மதினி, எங்கன இருக்கீக?"

"கீழ வந்துட்டோம்."

"நல்லவேளை. வாத்தியாருதான ஓட்டுனாரு?"

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தேன் ஓட்டுனேன். அவரு பின்னாடி உட்காந்து ஏலக்கா தின்னுட்டு வந்தாரு."